அணைய மறுத்த கணிப்பொறி

மூடிவிட்டுத்தான் போனேன் என்றார் உபதேசியார். மூடவில்லை என்றோம் நாம். 2022-ஆம் ஆண்டின் ஐப்பசி மழையோடு தொடங்கிய இந்தச் சிறு வழக்கு, மறு ஆண்டின் தைமாதம் வரை நம் பங்கு இல்லத்தில் நடைபெற்றது. குற்றம் சாட்டியவரும் நாமே, தீர்ப்பு வழங்கியவரும் நாமே. வழக்குக்குக் காரணமாய் அமைந்ததோ, கோவில் அலுவலகத்து மேசைமேல் இருந்த ஒரு கணிப்பொறி.

பங்கு அலுவலகத்திற்குக் கணிப்பொறி எதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கெனத் தனித்தனிப் பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் பேண வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 535-ஆம் எண்ணில் இடும் கட்டளை. வழக்கமோ அதனினும் மிகப் பழையது. 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருமண ஏட்டைப் பங்குக்குருவின் கடமையாக்கியது. நம் பங்கின் பழைய ஏடுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை. மை பழுப்பேறி, ஓரங்களைக் கரையான் சுவைத்துவிட்டுப் போன ஏடுகள். திருமணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டும், என் திருமுழுக்குச் சான்று தேவை என்று ஒருவர் வந்து நின்றால், பிறந்த ஆண்டைச் சரியாகச் சொல்லத் தெரியாத அவருக்காக அரைநாள் பக்கம் புரட்ட வேண்டியிருக்கும். எனவே பெயர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்திக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால், எந்த ஏட்டில் எந்தப் பக்கம் என்று நொடியில் கண்டுபிடிக்கலாம் என எண்ணினோம். ஏட்டில் உள்ளதே சான்று; பெட்டியில் உள்ளது அதைத் தேட உதவும் திறவுகோல் மட்டுமே.

அந்தப் பணியை ஏற்றுக்கொண்டவர் நம் உபதேசியார். அறுபதைக் கடந்தவர். நமக்கு முன் அப்பங்கில் பணியாற்றிய குருக்கள் பலரின் கையெழுத்துகளை, ஏட்டைத் திறந்த மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லக்கூடியவர். தட்டச்சு அறியாதவர், ஆயினும் ஆட்காட்டி விரல் ஒன்றைக்கொண்டே எழுத்தெழுத்தாய்த் தேடி, நாளொன்றுக்கு முப்பது நாற்பது பெயர்கள் ஏற்றிவிடுவார். மாலை மூவேளைச் செப மணியை அடித்துவிட்டு வந்து, பெட்டியை மூடச் சொல்லி ஆணையிட்டு, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு மிதிவண்டியில் ஏறி வீடு திரும்புவது அவர் வழக்கம்.

ஐப்பசியில் ஒருநாள் இரவு ஒன்பது மணியளவில், அலுவலகச் சன்னலின் கண்ணாடி வழியே ஒரு நீல ஒளி தெரியக் கண்டோம். திறந்து பார்த்தால் கணிப்பொறி விழித்திருந்தது. கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுகொண்டிருந்தது. காலையில் உபதேசியாரிடம் மென்மையாகத்தான் சொன்னோம். "மூடிவிட்டுத்தான் போனேன், சாமி" என்றார். இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே ஒளி. மீண்டும் அதே விடை. வயது முதிர்ந்தவர், மறந்துவிடுகிறார், மறந்ததை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை என்று நாமாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். அதன்பின் மென்மை குறைந்தது.

2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தையொட்டிக் கரை கடந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். நம் பங்கு அப்பகுதியிலேயே இருந்தது. மாலைக்குள் வீடு போய்ச் சேருங்கள் என்று உபதேசியாரை முன்னதாகவே அனுப்பிவிட்டோம். இரவில் மின்சாரம் போயிற்று, யூ.பி.எஸ். பெட்டி தன்னிடம் இருந்த சிறிது உயிரையும் கணிப்பொறிக்கு ஊட்டிவிட்டு அணைந்தது. மறுநாள் மாலை மின்சாரம் வந்தபோது பெட்டி எழவில்லை. பழுதுபார்ப்பவர் வந்து பார்த்து, ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் அறுந்ததால் வன்தட்டின் சில பகுதிகள் கெட்டுவிட்டன என்றார். அமைப்பு பிழைத்தது. ஆனால் பல வாரங்களாய் உபதேசியார் ஒற்றை விரலால் ஏற்றிய பெயர்கள் இருந்த கோப்பு, திறக்க இயலாததாய்ப் போயிற்று.

இழந்தது அவருடைய உழைப்பு. சினந்ததோ நாம். 2023 சனவரியில், திருக்காட்சிப் பெருவிழா ஞாயிறன்று பங்குப் பேரவை கூடியது. செலவுக் கணக்கில் பழுதுபார்ப்புக் கட்டணத்தை வாசித்த பொருளாளர், இது எதனால் என்று கேட்டார். "பொறுப்பைப் பொறுப்பில்லாதவர் கையில் கொடுத்ததால்" என்றோம். பதினான்கு பேர் இருந்தார்கள். உபதேசியார் வழக்கம்போல் வாயிற்புறத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து நாம் திருவுடை களைந்துகொண்டிருக்கையில், அலுவலகச் சாவியை மேசைமேல் ஓசையின்றி வைத்துவிட்டுப் போனார். மணியடித்தார், பீடத்தை ஆயத்தம் செய்தார், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது உடன் வந்தார். அலுவலகத்தின் படியை மட்டும் மிதிக்கவில்லை.

ஆகவே பெயர் ஏற்றும் வேலை நம் தலையில் விழுந்தது. சனவரி இறுதியில் ஓர் இரவு, வேலையை முடித்துப் பெட்டியை மூடச் சொல்லி ஆணையிட்டோம். திரையில் சிறு புள்ளிகள் வட்டமிட்டுச் சுழலத் தொடங்கின. வழக்கமாக அந்நேரம் எழுந்து போய்விடுவோம். அன்று வெளியே தூறல், குடையில்லை. அங்கேயே அமர்ந்து கட்டளைச் செபப் புத்தகத்தை விரித்து இரவுச் செபத்தைத் தொடங்கினோம். இரவுச் செபம் ஆன்ம சோதனையோடு தொடங்குவது. அன்றைய நாளை வழக்கம்போல் மேலோட்டமாகத் துழாவிவிட்டுத் திருப்பாடலுக்குப் போனோம். சிமியோனின் பாடலைச் சொல்லி முடித்து நிமிர்ந்தால், புள்ளிகள் இன்னமும் சுழன்றுகொண்டிருந்தன. மரியன்னைக்குரிய பாடலைத் தொடங்கும் வேளையில் திரை முழுதும் நீலமாயிற்று. ஒரு சோகமுகக் குறி. அதன்கீழ், கணிப்பொறியில் சிக்கல் நேர்ந்துவிட்டது, மறுபடி தொடங்கப் போகிறது என்ற ஆங்கிலச் செய்தி. அதற்கும் கீழே, பொடி எழுத்தில் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்ற சொற்கள். பிறகு திரை இருண்டது. பெட்டி தானாகவே உயிர்பெற்று எழுந்து, ஒன்றும் அறியாததுபோல் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றது.

சன்னல் வழியே நாம் பலமுறை கண்ட அதே ஒளி. உபதேசியார் மூடிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவர் மிதிவண்டி தெருமுனையைத் தாண்டிய பிறகு, பூட்டிய அறைக்குள் யாரும் காணாமல் அது விழுந்து எழுந்திருக்கிறது.

அந்த இரவே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், தொலைவு அதிகமில்லை. போகவில்லை. ஒருமுறை நடந்ததை வைத்து எப்படி முடிவு செய்வது, முதலில் உறுதி செய்துகொள்வோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அவரைக் குற்றவாளியாக்க வேண்டாதிருந்த உறுதி, அவரை விடுவிக்கும்போது மட்டும் வேண்டியதாயிற்று.

நம் பாடகர் குழுவில் இசைக்கருவி வாசிக்கும் ஒரு தம்பி, பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்தார். அவரை அழைத்தோம். அவர் வந்ததும் திருகுளியை எடுப்பார், பெட்டியைப் பிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ ஒரு குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். "ஃபாதர், இதுவே தன் நாட்குறிப்பை எழுதி வைத்திருக்கும். முதலில் அதைப் படிப்போம்" என்றார்.

விண்டோஸ் அமைப்பில் நிகழ்வுப் பதிவேடு என ஒன்று உண்டு என்பது அன்றுவரை நமக்குத் தெரியாது. ஏடுகளைப் பேணுவதற்கென வாங்கிய பெட்டிக்குள்ளேயே ஓர் ஏடு! 'ஈவன்ட் வியூவர்' என்னும் கருவியைத் திறந்தால், பெட்டி எழுந்தது, உறங்கியது, தடுக்கியது யாவும் நாளும் மணித்துளியும் குறித்து வரிசையாய் நிற்கின்றன. ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஓர் எண். 1074 என்ற எண் இருந்தால், பயனாளர் ஒருவரோ ஒரு மென்பொருளோ முறைப்படி மூடும்படி ஆணையிட்டதாகப் பொருள். 41 என்ற எண் இருந்தால், முந்தைய முறை செவ்வனே மூடப்படாமல் பெட்டி மறுபடி எழுந்ததாகப் பொருள். அந்த 41-இன் விவரங்களுக்குள் 159 என்ற மற்றோர் எண் ஒளிந்திருந்தது. அது, நாம் நீலத் திரையில் கண்ட அந்த ஆங்கிலச் சொற்களின் எண்வடிவம் என்று தம்பி விளக்கினார்.

அவர் வாசிக்க வாசிக்க நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். மாலை 6.20-க்கு 1074, சில நிமிடங்களில் 41. மாலை 6.25-க்கு 1074, சில நிமிடங்களில் 41. இடையிடையே நல்லபடி மூடிய நாள்களும் இருந்தன. நாம் ஒளியைக் கண்டு கடிந்துகொண்ட ஒவ்வொரு நாளுக்கும் முந்தின மாலையில் 1074 இருந்தது. உபதேசியாரின் மனைவி மருத்துவமனையில் இருந்த வாரத்தில் மட்டும் நேரம் 5.10 என்றிருந்தது, அந்த அவசரத்திலும் அவர் மூடாமல் போகவில்லை. டிசம்பர் 9-ஆம் நாள் 3.52-க்கு 1074, அதைத் தொடர்ந்து 41. நாம் அதற்குமேல் எழுதவில்லை. எழுதுகோலை மூடி வைத்துவிட்டோம். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை, "வேறு ஏதேனும் நாள் பார்க்க வேண்டுமா, ஃபாதர்?" என்று கேட்டார்.

மூடும் வேளையில் அப்படி என்னதான் நேர்கிறது? இதனைத் தம்பி விளக்கியபோது, குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்துக்குப் பின் நாம் இத்துணை ஆர்வத்துடன் ஒரு பாடத்தைக் கேட்டதில்லை. விளக்கை ஊதி அணைப்பதுபோன்ற ஒற்றைச் செயலன்று கணிப்பொறியை மூடுவது. நம் தாய்மார் விளக்கை 'அணை' என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், 'அமர்த்து' என்பார்கள். அந்தச் சொல்லே இதற்குப் பொருந்தும். பெரிய வீட்டில் இரவுக்குக் கதவடைப்பதுபோல் அது படிப்படியாய் நடக்கிறது. முதலில், திறந்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் நோக்கி, முடிக்கப் போகிறோம், ஆயத்தமா என்று அமைப்பு கேட்கிறது. சேமிக்காத வேலை இருந்தால் அந்த மென்பொருள் தடை சொல்லலாம். ஐந்து நொடிக்குள் விடை வராவிட்டால், இன்னது மூட விடாமல் தடுக்கிறது என்று திரையில் பெயரோடு எழுதிக் காட்டும். அடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் உழைக்கும் சேவைகளுக்குச் சொல்லி அனுப்புகிறது. நினைவகத்தில் தேங்கி நிற்கும் தகவல்களை வன்தட்டில் எழுதி முடிக்கிறது. இறுதியாக, திரை, அச்சுப்பொறி, இணைய இணைப்பு என ஒவ்வொரு கருவியையும் இயக்கும் 'டிரைவர்' என்னும் நிரலிடம், உன் கருவியை அமர்த்து என்ற ஆணை செல்கிறது. ஆணையைப் பெற்ற டிரைவர், முடித்தேன் என்று விடை தர வேண்டும். எல்லாரும் விடை தந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும்.

ஒரேயொரு டிரைவர் ஆணையைப் பெற்று, விடை தராமல் கையிலேயே வைத்துக்கொண்டால்? மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. அமைப்பு சில நிமிடங்கள் காத்திருக்கிறது. அதுவே சுழலும் புள்ளிகள். பிறகு, இனிக் காத்திருப்பதில் பொருளில்லை என்று தன்னைத் தானே வீழ்த்திக்கொள்கிறது, அதுவே நீலத்திரை. வீழ்ந்தால் தானாக எழ வேண்டும் என்று முன்கூட்டியே அமைத்து வைத்திருப்பதால் மறுபடி எழுகிறது. இதில் நம்மை ஈர்த்தது ஒன்று. அந்த டிரைவர் பகல் முழுதும் குறையின்றி வேலை செய்திருக்கிறது. இணையம் வந்தது, கடிதங்கள் போயின. அதன் பிழை பகலில் எவருக்கும் தெரியாது. முடித்துக்கொள் என்று சொல்லும்போதுதான் தெரியும்.

அந்நாளில் இந்தத் தொல்லை இல்லையே என்று நினைவு வந்தது. மறைமாவட்ட அலுவலகத்தில் நாம் முதன்முதல் கண்ட கணிப்பொறியில் விண்டோஸ் 95 இயங்கிற்று. மூடச் சொன்னால் கறுத்த திரையில் ஆரஞ்சு நிற எழுத்துகள் தோன்றி, இனி நீங்கள் அணைக்கலாம் என்று சொல்லும். நாம் கைநீட்டிப் பொத்தானை அழுத்துவோம். மனிதன் அருகில் இருந்தே ஆக வேண்டிய ஏற்பாடு. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 'ஏ.சி.பி.ஐ.' எனும் பொது வரைமுறையை வெளியிட்ட பின்னர், மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்ளும் பொறுப்பு படிப்படியாக அமைப்பிடமே சேர்ந்தது. வசதிதான். ஆனால் ஆணையிட்டவர் எழுந்து போய்விடுகிறார்; ஆணை நிறைவேறியதா என்பதைக் காண்பவர் இல்லை.

இனிப் பழுதைக் கண்டுபிடித்த கதை. தம்பி கையாண்ட முறை எளியது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதி வைப்பது. முதலில், விழுந்தவுடன் தானாக எழும் ஏற்பாட்டை நீக்கினார். நீலத்திரை அப்படியே நின்றால் சாட்சி அழியாதல்லவா? அடுத்து, 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த 'விரைவுத் தொடக்கம்' என்ற வசதியை நிறுத்தினார். அந்த வசதி இருக்கையில், மூடு என்று சொன்னாலும் பெட்டி முழுதாய் மூடுவதில்லையாம்; அமைப்பின் உட்கருவை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு அரைத்தூக்கம் போடுமாம். மறுபடி தொடங்கு என்ற ஆணைதான் உண்மையில் எல்லாவற்றையும் புதிதாய்த் தொடங்குவது. இதை நிறுத்தியதும் இரண்டு நாள் பெட்டி ஒழுங்காய் மூடிற்று. தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் நீலத்திரை நம்மைப் பார்த்து முகம் சுளித்தது.

பின்னர், இன்றியமையாத டிரைவர்களை மட்டும் கொண்டு எழும் 'பாதுகாப்பு முறை'யில் தொடங்கி, பலமுறை மூடிப் பார்த்தார். ஒருமுறைகூட வீழவில்லை. ஆகவே பழுது வன்தட்டிலோ மின்சாரத்திலோ இல்லை, வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஏதோ ஒரு டிரைவரில்தான் என்பது தெளிவாயிற்று. வீழும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' என்ற இடத்தில் பெட்டி ஒரு சிறு கோப்பை விட்டுச் செல்கிறது; மரண வாக்குமூலம் என்றே சொல்லலாம். அதைப் பிழைதிருத்தி என்னும் மென்பொருளால் தம்பி திறந்தபோது, ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு விடை தராத டிரைவரின் பெயர் வெளிப்பட்டது. கட்டைவிரல் நகத்தளவே உள்ள, கம்பியில்லா இணைய இணைப்புக்கான யூ.எஸ்.பி. கருவி. மலிவாய்க் கிடைத்தது என்று, அந்த ஐப்பசியில் நாமே கடையில் வாங்கிவந்து, நாமே செருகியது.

அதைப் பிடுங்கினார். டிரைவரையும் நீக்கினார். பங்கு இல்லத்திலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கம்பியை இழுத்தார். பெட்டி அன்றிலிருந்து ஒழுங்காய் அமர்ந்தது. இதே தொல்லை உடையவர்கள் வீட்டில் இருப்பின் ஒன்று சொல்வோம்: புள்ளிகள் சுழல்கையில் பொறுமையிழந்து மின்விசையை அழுத்தாதீர்கள், தட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரமாயின் இழப்பு உங்களுடையது. அண்மையில் புதிதாய்ச் சேர்த்த கருவியை முதலில் கழற்றிப் பாருங்கள். பெட்டியின் நாட்குறிப்பைப் படியுங்கள். வீட்டில் உள்ள முதியவரைக் கடைசியில் ஐயுறுங்கள்.

இப்போது நம்மிடம் கருவியும் இருந்தது, காரணமும் இருந்தது, தாளில் எழுதிய சான்றும் இருந்தது. அன்று மாலை உபதேசியாரைத் திருவுடை அறையில் தனியே கண்டு, நடந்ததைச் சொன்னோம். தவறு நம்முடையது என்றோம். மெழுகுதிரித் தண்டின் உருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், "பரவாயில்லை சாமி, பெட்டிதானே" என்றார். நமக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அன்றிரவு நன்றாய் உறங்கினோம்.

பாரம் எளிதாய் இறங்கியதே நம்மை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தியதோ பல நாள் கழித்து. தவக்காலத் தயாரிப்பு மறையுரைக்காகக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைப் புரட்டுகையில் 2477-ஆம் எண் கண்ணில் பட்டது. போதிய ஆதாரமின்றிப் பிறர்மீது ஒழுக்கக் குறையை உண்மையென்று ஏற்பது பாவம் என்பது அதன் கருத்து. மனத்துக்குள் ஏற்றாலும் பாவமே. பத்து எண் தாண்டி, பிறர் நற்பெயருக்குச் செய்த கேட்டுக்கு ஈடுசெய்யும் கடமை வருகிறது. குருமடத்தில் இதற்குத் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறோம். பலருக்கு ஒப்புரவு அருட்சாதனத்தில், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறோம். பதினான்கு பேர் முன் எடுத்ததைத் திருவுடை அறையில் ஒருவரிடம் திருப்பிக் கொடுத்தால் கணக்குச் சரியாகுமா?

பிப்ரவரி 12-ஆம் நாள் பேரவை கூடியது. பேசப்பட வேண்டியவை பல இருந்தன: கல்லறைத் தோட்டத்துச் சுவர், சிலுவைப்பாதை ஏற்பாடு, தவக்கால உண்டியல். இந்தச் சிறு செய்திக்கு நேரமில்லை என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினோம். தள்ளியவர் நாமே, நிகழ்ச்சி நிரலை எழுதியவரும் நாமே. அன்றிரவு அலுவலகத்தில் பெட்டியை மூடச் சொன்னபோது அது சில நொடிகளில் அமர்ந்துவிட்டது. இருட்டில் நாம் மட்டும் அமர்ந்திருந்தோம். ஆன்ம சோதனையில் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி வருகிறது. நாமும் மறுப்பதில்லை, ஒப்புவதும் இல்லை.

மார்ச் 12, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. சமாரியப் பெண்ணைப் பற்றிய நற்செய்தியின்மேல் மறையுரையாற்றிவிட்டுப் பேரவைக்கு வந்தோம். தொடக்க செபம் முடிந்ததும், வேறு எதையும் எடுக்குமுன், எழுந்து நின்று சொன்னோம். நாள், மணி, எண் எல்லாவற்றையும் குறிப்பேட்டிலிருந்து வாசித்தோம். டிசம்பர் 9, 3.52 என்று வாசிக்கையில் குரல் சற்றே தடுமாறிற்று. பொறுப்பில்லாதவர் என்று சனவரியில் சொன்ன சொல் உபதேசியாருக்கு உரியதன்று, அதைத் திரும்பப் பெறுகிறோம், அவரிடம் உங்கள் அனைவர் முன்னும் மன்னிப்புக் கேட்கிறோம் என்றோம். உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஒரு கணிப்பொறிக்காகவா சாமி இவ்வளவு?" என்றார். அவர் நம்மைத் தாங்கத்தான் அப்படிச் சொன்னார். மற்றொரு மூதாட்டி மட்டும், "நானும் இந்த மூன்று மாதமாய் அவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று தரையைப் பார்த்தவாறே சொன்னார். வாயிற்புறத்தில் நின்றிருந்த உபதேசியார் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னர், "கல்லறைச் சுவருக்குச் செங்கல் வந்துவிட்டது சாமி, எங்கே இறக்குவது?" என்று கேட்டார்.

சாவியை நாம் அவர் கையில் கொடுக்கவில்லை. அவர் வைத்த அதே மேசைமேல் வைத்தோம். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலை அது இல்லை. அலுவலகத்திலிருந்து ஒற்றை விரல் தட்டும் ஓசை கேட்டது. போன கோப்பிலிருந்த பெயர்களை முதல் எழுத்திலிருந்து மறுபடி ஏற்றத் தொடங்கியிருந்தார்.

அன்று மாலை மூவேளைச் செப மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் போனோம். மிதிவண்டி சுவரில் சாய்ந்திருந்தது. உபதேசியார் பெட்டியை மூடச் சொல்லிவிட்டு, போகாமல், கைகளைக் கட்டிக்கொண்டு திரைமுன் நின்றுகொண்டிருந்தார். "பழுது நீங்கிவிட்டதே, உபதேசியாரே. நீங்கள் போகலாம்" என்றோம். "அணைவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன், சாமி" என்றார். நாமும் அவரருகில் நின்றோம். புள்ளிகள் சிறிது சுழன்றன; திரை இருண்டது; பெட்டியின் முகப்பிலிருந்த சிறு விளக்கும் அணைந்தது. அதன்பின்னும் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் கதவைப் பூட்டினார். நாம் அப்பங்கிலிருந்து மாற்றலாகும் வரை ஒவ்வொரு மாலையும் அவர் அப்படியே செய்தார்.